தம்பிக்கு எண்பது, எனக்குப் பதினெட்டு

அந்த வருடம் பனி கரையத் தொடங்கிய நாட்களில் எனக்கு வேலைச் சப்பாத்துப் போட முடியாமல் போனது. கால் வீங்கியிருந்தது. ஸ்காபரோவில், ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி பூட்டும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்தேன். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. கால் வீங்குவது அங்கே எல்லோருக்கும் நடப்பதுதான் என்று நினைத்துச் சப்பாத்துக் கயிற்றைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு போனேன். பிறகு முகமும் வீங்கியது. காலையில் கண் இமையைத் திறக்கவே கஷ்டமாக இருக்கும். மீன் பொரிக்கிற மணம் வந்தால் குமட்டும். அப்போதும் நான் டொக்டரிடம் போகவில்லை. என்னைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவர் மச்சாள்.

மச்சாள் என்பது என் கணவரின் அக்கா. பெயர் பிலோமினா. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர், கலியாணம் செய்யவில்லை. எங்களோடு வோபர்னில் அடுக்குமாடி வீட்டில்தான் இருந்தார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டில் மூன்று பேர். என் ஆங்கிலம் தொழிற்சாலைக்குக் காணும், டொக்டருக்குக் காணாது. ஆகவே இந்த நோய்க்காலம் முழுவதும் டொக்டர்மார் சொன்னதெல்லாம் மச்சாளின் வாய் வழியாகத்தான் எனக்கு வந்தது. நான் சொன்னதும் அப்படியே போனது. இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவைக்க வேண்டும்.

குடும்ப டொக்டர் இரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்த்துவிட்டு உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்தார். அங்கே என்னை ஒரு கிழமை மறித்து வைத்தார்கள். குப்புறப் படுக்கச் சொல்லி, முதுகை விறைக்கப் பண்ணி, நீண்ட ஊசியால் சிறுநீரகத்திலிருந்து நூல் அளவு சதை எடுத்தார்கள். பயொப்சி என்பது அதுதான். நோவில்லை, ஆனால் ஊசி போகிற சத்தம் கேட்டது. அதன் பிறகு நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தேன். மச்சாள் பக்கத்திலிருந்து செபமாலை சொல்லிக்கொண்டும், இடையிடையே வாயில் தண்ணீர் தொட்டு வைத்துக்கொண்டும் இருந்தார்.

முடிவு வந்தது. சிறுநீரகத்துக்குள் இரத்தத்தை வடிக்கிற நுண்ணிய முடிச்சுகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றனவாம். என்னுடையவற்றில் பெரும்பாலானவை தழும்பாகிவிட்டன. தழும்பானது திரும்பி வராது. மிச்சம் இருப்பதை மருந்தால் இழுத்துப் பிடிக்கலாம். பிறகு ஒருநாள் இரத்தத்தைக் கழுவுகிற மெசின் வேண்டும், அல்லது வேறொருவரின் சிறுநீரகம் வேண்டும்.

"ஏன் வந்தது எண்டு கேளுங்கோ மச்சாள்" என்றேன்.

அவர் கேட்டார். டொக்டர் தோளைக் குலுக்கினார். "சில குடும்பங்களிலை வருமாம். உம்மடை பக்கத்திலை ஆருக்கும் இருந்ததோ எண்டு கேக்கிறார்."

"இல்லை" என்றேன். அப்பா கால் வீங்கித்தான் இறந்தார். மன்னார் ஆஸ்பத்திரியில் அதற்கு யாரும் பெயர் சொல்லவில்லை. அப்பாவைப் பற்றி எது கேட்டாலும் இல்லை என்று சொல்லிப் பழகிய வாய் எனக்கு.

வீட்டுக்கு வந்த பிறகு சமையல் முழுவதையும் மச்சாள் எடுத்துக்கொண்டார். உப்புக் கூடாது, பொட்டாசியம் கூடாது. வாழைப்பழம், தக்காளி, இளநீர் எல்லாம் நின்றது. உருளைக்கிழங்கைச் சிறிதாக வெட்டி, தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் அவித்து, அதையும் ஊற்றிவிட்டுக் கறி வைப்பார். தேசிக்காயும் மிளகும் போட்டு உப்பில்லாத குறையை மறைக்கப் பார்ப்பார். எனக்காகத் தானும் அதையே சாப்பிட்டார். என் கணவர் மட்டும் உப்புப் போத்தலைத் தன் கதிரைக்குக் கீழே வைத்துக்கொண்டு ஒளித்துப் போடுவார். நான் கண்டும் காணாததுபோல இருப்பேன்.

மச்சாள் நல்லவர். பிறகு நடந்ததைக் கேட்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை சிறுநீரகக் கிளினிக். பெரிய அறை. சுவரோரம் கதிரைகள். உலகத்திலுள்ள எல்லா நாட்டு ஆட்களும் வீங்கிய கால்களோடு அங்கே இருப்பார்கள். பெயர் கூப்பிட மணிக்கணக்காகும். அங்கே ஒவ்வொருவருக்கும் பெயரோடு ஒரு நம்பரும் உண்டு. தசைகள் வேலை செய்யும்போது இரத்தத்தில் ஒரு கழிவு சேரும், கிரியற்றினின் என்று பெயர். நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும். தள்ள முடியாவிட்டால் இரத்தத்தில் அது ஏறும். அந்த அளவை வைத்துக்கொண்டு, சிறுநீரகம் நூறில் எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்குப் போடுவார்கள். கதிரையில் இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் கேட்பதும் அதைத்தான். என்ன நம்பர்? முப்பது. உங்களுக்கு? இருபத்தைந்து.

சரியாக அளப்பதென்றால் ஒரு நாள் முழுக்கப் போகிற சிறுநீரைப் பெரிய பிளாஸ்ரிக் கானில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அதைக் குளிரூட்டியில் வைக்க வேண்டும். மச்சாள் அதை இரண்டு பைகளுக்குள் சுற்றி, பாலுக்குப் பக்கத்தில் வைத்து, குளிரூட்டிக் கதவில் சிலுவை போட்டுவிட்டுப் போவார். பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு போவதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது. மூடி இறுக்கமில்லையோ, மணக்கிறதோ என்று வழி முழுக்க யோசிப்பேன்.

ஆகவே, இலையுதிர் காலத்தில் கிளினிக்குக்குப் புதிதாக வந்த இளம் டொக்டர், இனி கான் அடிக்கடி தேவையில்லை என்றதும் எனக்குச் சந்தோசம். அந்த வருடம் அமெரிக்காவிலிருந்து புதிய கணக்கு ஒன்று வந்திருந்தது. இரத்தப் பரிசோதனை, வயது, ஆணா பெண்ணா, இவ்வளவும் போட்டால் நம்பர் வந்துவிடும். டொக்டர் கல்குலேற்றரை எடுத்து வைத்துக்கொண்டு தட்டினார். தட்டிக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தி மச்சாளிடம் ஏதோ கேட்டார்.

மச்சாள் சிரித்தார். எரிச்சலும் சேர்ந்த சிரிப்பு.

"என்ன கேக்கிறா?" என்றேன்.

"நீர் கறுப்பினமோ எண்டு கேக்கிறா. விசர்க் கேள்வி." பிறகு டொக்டரைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஆங்கிலம் எனக்கு விளங்கியது. இல்லை டொக்டர், நாங்கள் தமிழர்.

டொக்டர் விடவில்லை. நோயாளியே சொல்ல வேண்டும் என்றார். என் முகத்தைப் பார்த்து, ஆம் என்றால் விடையை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூட்ட வேண்டியிருக்கும் என்று மெதுவாக விளக்கினார். கறுப்பின மக்களுக்குத் தசை கூடவாம். அதனால் அவர்களின் இரத்தத்தில் கிரியற்றினின் இயல்பிலேயே கூடவாம்.

நான் தலையை ஆட்டினேன். இல்லை.

நம்பர் பதினெட்டு வந்தது. இருபதுக்குக் கீழே போனால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிவார்கள். உடனே பதிய ஏற்பாடு செய்வதாக டொக்டர் சொன்னார். லிஃப்ரில் இறங்கும்போது மச்சாளுக்கு உசார்.

"பாத்தீரே, கறுவல் எண்டு போட்டிருந்தால் இருபத்தொண்டு வந்திருக்கும். உம்மை இன்னும் காத்துக்கொண்டிரும் எண்டு வீட்டை அனுப்பியிருப்பினம்."

ஆம் என்பதா இல்லை என்பதா எது உண்மை என்பது எனக்கே தெரியாது. ஆனால் இல்லை என்று தலையாட்டியபோது உண்மையைத் தேடி ஆட்டவில்லை. அது மட்டும் தெரியும்.

எங்கள் அப்பா புத்தளத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் பிறந்தவர். அங்கே ஆபிரிக்க வழி வந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சில இருக்கின்றன. வெள்ளைக்காரர் படைக்கென்றும் கூலிக்கென்றும் பல தலைமுறைகளுக்கு முன் கப்பலில் கொண்டுவந்து விட்டவர்களின் பிள்ளைகள். அப்பாவுக்கு ரயில் பாதையில் வேலை கிடைத்து மன்னாருக்கு வந்தார். அங்கே அம்மாவைக் கண்டு, கோயிலில் கைபிடித்தார். அம்மா மன்னார்த் தமிழ். வீட்டில் தமிழ்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு ஒரே பெயர்தான், காப்பிலியின் பிள்ளைகள். நான் அம்மாவின் முகம். சுருள் முடியை எண்ணெய் வைத்து இழுத்துக் கொண்டை போட்டால் தெரியாது. தம்பி செபஸ்ரியன் அப்பாவை உரித்துப் படைத்தவன். நிறம், மூக்கு, உதடு, தலைமயிர் எல்லாம். எதைப் பூசியும் மறைக்க முடியாது.

திருச்சியில் அகதியாக இருந்தபோது எனக்குக் கலியாணம் நடந்தது. அப்போது அப்பாவும் அம்மாவும் இல்லை. தம்பி கப்பலில் வேலைக்குப் போயிருந்தான். அப்பா புத்தளம், ரயில்வேயில் வேலை செய்தவர் என்று என் கணவரின் ஆட்களிடம் சொன்னேன். அதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. சில வருடங்களில் தம்பியும் கனடாவுக்கு வந்துவிட்டான். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் இருந்தான், ஒரு பேக்கரியில் வேலை. மாதத்தில் ஒருநாள் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த டோனட் கடையில் அவனைச் சந்திப்பேன். பாண் கொண்டுவந்து தருவான். அந்தப் பாணைக் கடையில் வாங்கியதாக வீட்டில் சொல்வேன். வீட்டுக்கு வா என்று நான் அவனைக் கூப்பிட்டதில்லை. அவனும் கேட்டதில்லை. மச்சாளைப் பொறுத்தவரை என் தம்பி இன்னும் கப்பலில்தான் இருந்தான்.

பெயர் பதிந்த பிறகு கிளினிக்கில் ஒரு நேர்ஸ் எங்களை இருத்தி விளக்கினார். இறந்தவர்களின் சிறுநீரகத்துக்குக் காத்திருந்தால் வருடக்கணக்காகும். உயிரோடு இருக்கிற ஒருவர் ஒன்றைத் தரலாம். கூடப்பிறந்தவர்கள் என்றால் பொருத்தம் நன்றாக இருக்கும்.

"உம்மடை தம்பியை எந்தக் கப்பல் எண்டாவது கண்டுபிடிக்கேலாதோ?" என்று மச்சாள் கேட்டார்.

"கனகாலம் கடிதம் இல்லை" என்றேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்த பிறகு என் கணவர் காரைக் கழுவப் போவதாகச் சொல்லிவிட்டு வெளிக்கிட்டார். திரும்பி வர நேரமாகியது. கார் கழுவியிருக்கவில்லை. படுக்கையில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நான் உம்மடை தம்பி செபாவிட்டைப் போட்டுத்தான் இப்ப வாறன்" என்றார்.

நான் எழுந்து இருந்தேன். "உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"அந்தப் பாண் இஞ்ச ஒரு கடையிலும் இல்லை. ஒருநாள் பின்னாலை வந்து பாத்தனான்." வெட்கப்பட்டவரைப்போலச் சுவரைப் பார்த்தார். "நீராச் சொல்லுவீர் எண்டு இருந்தன். இனி இருக்கேலாது."

"அவன் என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. எப்ப வரவேணும் எண்டு மட்டும் கேட்டவன்."

அடுத்த கிளினிக் நாளில் தம்பி நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு. வருவது யார் என்று மச்சாளிடம் சொல்லும்படி இவர், என் கணவர், என்னிடம் சொல்லியிருந்தார். காலையில் சொல்கிறேன் என்றேன். காலையில், காரில் சொல்கிறேன் என்று நினைத்தேன். காரிலும் வாய் வரவில்லை. இவர் எங்களை வாசலில் இறக்கிவிட்டுப் பார்க்கிங் தேடப் போனார். நானும் மச்சாளும் காத்திருக்கும் அறையில் இருந்தோம். நான் இன்னும் சொல்லவில்லை.

தம்பி கதவைத் திறந்துகொண்டு வந்தான். வேலை முடிந்து நேரே வந்திருந்தான், சட்டைக் கையில் மா. ஒல்லியான ஆள், கழுத்தெலும்பு தெரியும். என்னைக் கண்டதும் சிரித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்தான். மச்சாள் தன் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"உவன் காப்பிலி ஏன் உம்மைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு வாறான்? உமக்குத் தெரியுமோ?"

தமிழ் இங்கே யாருக்கு விளங்கும் என்ற துணிவில் உரக்கத்தான் கேட்டார். தம்பி நாலு அடி தூரத்தில் நின்றான். சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. நான் பேச வேண்டிய நேரம் அது. மச்சாளின் கைப்பையைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

"நான் இவவின்ரை தம்பி, அக்கா" என்று அவன்தான் மச்சாளிடம் சொன்னான். "செபஸ்ரியன். கப்பலாலை வந்து கனகாலம்."

மச்சாளின் முகம் வெளிறியது. என்னைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பிறகு கைப்பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்து, தள்ளி இருந்து அவனுக்கு இடம் விட்டார். இவர் பார்க்கிங் சீட்டோடு வந்து சேரும்வரை நாங்கள் மூன்று பேரும் நேரே பார்த்துக்கொண்டு இருந்தோம்.

அன்று தம்பிக்கு இரத்தம் எடுத்தார்கள். அடுத்த முறை எங்கள் எல்லோரையும் அறைக்குள் கூப்பிட்ட இளம் டொக்டரின் முகத்தில் சந்தோசம் தெரிந்தது. இரத்தப் பிரிவு பொருந்துகிறது. சிறுநீரகம் எண்பது. தானம் கொடுப்பதற்கு அது காணும். தம்பி என் தோளில் தட்டினான். "எண்பது, அக்கா! பள்ளிக்கூடத்திலை ஒருநாளும் எனக்கு எண்பது வரேல்லை." நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மச்சாளும் சிரித்தார்.

டொக்டர் எங்கள் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சிரிப்புக் குறைந்தது. மச்சாளிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். மச்சாள் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் இவர்.

"ஒரே தாய் தகப்பனோ எண்டு கேக்கிறா. இல்லாட்டி..." மச்சாள் குரலைத் தாழ்த்தினார். "இல்லாட்டி வேறை வேறை தகப்பனோ எண்டு. பொருத்தம் பாக்கிறதுக்கு அதைச் சரியாத் தெரிய வேணுமாம்."

தம்பி எழுந்து நின்றுவிட்டான். எங்கள் அம்மாவைப் பற்றி ஒரு அந்நிய நாட்டு அறையில், இத்தனை பேர் முன்னால், அந்தக் கேள்வி. கேட்க வைத்தது என் தலையாட்டல்.

"ஒரே தாய். ஒரே தகப்பன்" என்றேன். அதை நானே ஆங்கிலத்தில் சொன்னேன்.

அப்படியானால் ஏன் தம்பிக்குக் கறுப்பினம் என்றும் உங்களுக்கு இல்லை என்றும் இருக்கிறது என்று டொக்டர் கேட்டார். தம்பியிடம் யாரும் கேட்கவேயில்லை. பதிவு மேசையில் இருந்தவர் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தானே போட்டுக்கொண்டார். டொக்டர் கல்குலேற்றரை எடுத்து, ஆம் என்பதை எடுத்துவிட்டுத் தம்பியின் கணக்கைத் திரும்பத் தட்டினார். அறுபத்தொன்பது. தானத்துக்குக் காணாது. என்னுடையதில் ஆம் என்பதைச் சேர்த்துத் தட்டினார். இருபத்தொன்று. பெயர் பதிவதற்கு அது கூடுதல்.

இரண்டு பேரும் ஆம் என்றால் என் பெயர் பட்டியலில் இராது. இரண்டு பேரும் இல்லை என்றால் தம்பி தர முடியாது. அவன் கறுப்பாகவும் நான் கறுப்பில்லாமலும் இருந்தால் மட்டுந்தான் எனக்கு அந்தச் சிறுநீரகம் கிடைக்கும்.

அந்தக் கணக்கை நான் அங்கேயே, அந்தக் கதிரையில் இருந்துகொண்டு, மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டேன். அதுமட்டுமில்லை. இப்படியே விட்டுவிடட்டும், அவன் முகத்தைப் பார்த்தால் யாரும் மறுக்கப் போவதில்லை என்று விரும்பினேன். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு என் மனம் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். ஒரு டோனட் கடை மேசையில் எத்தனையோ வருடம் என் முகத்தைப் படித்தவன் அவன்.

"டொக்டர், என்னிலை தசை எங்கை இருக்கு?" என்று தன் மெலிந்த கையை நீட்டினான். ஆங்கிலத்தில்தான் கேட்டான். டொக்டர் சிவந்துபோனார். அவர் கெட்டவர் இல்லை. கணக்குக்கு இரண்டு விடைதான் தெரியும், என்ன செய்வதென்று தனக்கும் தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டார். பழையபடி இரண்டு பேரும் கானில் சேர்த்துக் கொண்டுவாருங்கள், தம்பிக்கு மருந்து ஏற்றி எடுக்கிற படமும் எடுப்போம், அளந்தே பார்ப்போம் என்றார்.

தம்பி தன் கானைப் பேக்கரியில் வைக்க முடியாது என்றான். மச்சாள்தான், "இஞ்ச வந்து நில்லும்" என்றார். அப்படித்தான் என் தம்பி முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தான். நான் கூப்பிட்டு இல்லை. அன்று குளிரூட்டியில் இரண்டு கான்கள் இருந்தன. மச்சாள் இரண்டையும் சுற்றி வைத்தார். அன்றைய சொல்லைப் பற்றி அவர் அவனிடம் எதுவும் பேசவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. சாப்பாட்டில் பெரிய மீன் தலையை அவன் தட்டில் வைத்தார். அவன் "காணும் அக்கா" என்று சொல்லச் சொல்ல இன்னும் போட்டார்.

அளவு வந்தது. எனக்குப் பதினேழு. அவனுக்கு அறுபத்தாறு. அவனுடைய சிறுநீரில் புரதமும் இறங்கிக்கொண்டிருந்தது. எனக்கு வந்ததுதான் அவனுக்கும் தொடங்கியிருக்கிறது. அப்பாவுக்கும் அதுவாகத்தான் இருந்திருக்கும். நான் முதலிலேயே அப்பாவின் காலைப் பற்றிச் சொல்லியிருந்தால் அவனை அப்போதே பரிசோதித்திருப்பார்கள் என்று டொக்டர் சொன்னார், குற்றம் சாட்டாமல்தான் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

வெளியே வந்து, தம்பி சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான். "எண்பது எண்ட உடனை எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமே, அக்கா" என்றான். "இந்த முகத்துக்கு ஒருநாளும் ஒருத்தரும் கூட்டிப் போட்டதில்லை. ஒருக்கால் போட்டாங்கள், அதுவும் பிழை."

அதற்குப் பிறகு அவனும் அதே கிளினிக்கின் நோயாளி ஆனான். ஆனால் அவனுடைய கோப்பில் பழைய எண்பதுதான் முன்பக்கத்தில் இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று கடிதம் வந்தது. அதைக் கொண்டுபோய்ப் பதிவு மேசையில் வைத்துச் சண்டை பிடித்தவர் மச்சாள். அவருடைய பள்ளிக்கூடக் குரலை நான் அன்றுதான் கேட்டேன். "இவை இரண்டு பேரும் ஒரு வயித்திலை பிறந்தவை. ஒருத்தருக்கு ஒரு கணக்கு, மற்றவருக்கு இன்னொரு கணக்கோ?" ஆங்கிலத்தில் அவர் சொன்னதை எனக்குப் பிறகு தமிழில் சொல்லிக் காட்டினார். அளந்த நம்பரை மாற்றி எழுதும்வரை அவர் அசையவில்லை. நான் அவருக்குப் பின்னால் நின்றேன். என் கோப்பையும் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கலாம். அதில் இல்லை என்று இருப்பதைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். திருத்தினால் ஏதாவது ஒரு மேசையில் யாராவது திரும்பக் கணக்குப் போட்டு, என் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்களோ என்று பயந்தேன்.

குளிர்காலத்தில் என் நம்பர் பத்துக்கும் கீழே போனது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, வீட்டிலேயே மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டு வெளியே எடுக்கிற டயாலிசிஸ் செய்யத் தீர்மானித்தார்கள். குழாய் வைக்க ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று, ஒரு நேர்ஸ் கட்டில் பக்கத்தில் நின்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே எழுதினார். ஒவ்வாத மருந்து உண்டா? பல் கட்டியிருக்கிறீர்களா? இனம்?

மச்சாள் தேத்தண்ணீர் வாங்கக் கீழே போயிருந்தார். இவர் சன்னலோரம் நின்றார்.

"என்ரை அப்பா ஆபிரிக்க வழி" என்றேன் ஆங்கிலத்தில். "நானும்."

நேர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ஏதோ ஒன்றைக் கிறுக்கிவிட்டு, கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். இவர் வந்து என் கையைப் பிடித்தார்.

குழாய் நல்லபடியாகப் பொருந்தியது. இரண்டு நாளில் எழுந்து நடந்தேன். மச்சாள் கொண்டுவந்த சூப்பையும் குடித்தேன். உடம்பில் இருந்த பாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, மீன் மணம் திரும்பவும் பிடித்தது. வார்ட்டுக்கு வெளியே இருந்த தொலைபேசியிலிருந்து தம்பிக்கு எடுத்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று அவசரம். நேர்ஸ் கேட்டதையும் நான் சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்தேன்.

மற்றப் பக்கத்தில் பேக்கரி மெசின்களின் இரைச்சல் கேட்டது.

"டயாலிசிஸ் தொடங்கினாப் பிறகு அந்தக் கணக்குப் பாக்கிறேல்லைத்தானே, அக்கா?" என்றான்.

"ஓம்" என்றேன்.

"இனி என்ன சொன்னாலும் பட்டியலிலை பெயர் நிக்கும்."

"ஓம்."

அவன் கோபிக்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "சரி அக்கா, பாண் அடுப்புக்குப் போற நேரம். ஞாயிற்றுக்கிழமை வாறன்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். இப்போதும் வருகிறான், நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்து உப்பில்லாமல் சாப்பிடுகிறோம். என்னை அவன் அன்றைக்குப் பிறகு ஒன்றும் கேட்டதில்லை.